சிஏ இன்டர் எஃப்எம் தேர்வு முடிந்து விடை ஒப்பிடுகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிஏ (பட்டயக் கணக்காளர்) படிப்பின் நடுக்கட்டமான இன்டர்மீடியட்டின் ஆறாவது தாள் நிதி மேலாண்மையும் உத்திசார் மேலாண்மையும் சேர்ந்தது. மாணவர் வழக்கில் எஃப்எம்-எஸ்எம். 2024 மே தேர்வில் புதிய பாடத்திட்டம் வந்ததிலிருந்து இரண்டுக்கும் ஆளுக்கு 50 மதிப்பெண். மாலை 5 மணிக்கு விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வாசலுக்கு வருவதற்குள் “உனக்கு என்ன வந்தது?” தொடங்கிவிடும். அன்று இரவும் அதற்கடுத்த வாரங்களிலும் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை.

என் விடை 8.46%, தோழிக்கு 8.72%, டெலிகிராமில் ஒருவர் 8.78% என்கிறார். யாருக்கு மார்க் போச்சு?

அநேகமாக யாருக்கும் இல்லை. மீட்கத்தக்க டிபென்ச்சரின், அதாவது குறித்த காலத்தில் திருப்பித் தர வேண்டிய நிறுவனக் கடன் பத்திரத்தின் செலவைக் கணக்கிடச் சொன்னால் இப்படித்தான் மூன்று விடைகள் வரும். ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம். முகமதிப்பு ரூ.100, வட்டி 10%, கைக்கு வந்தது ரூ.95, 5 ஆண்டு கழித்து ரூ.100-க்கு மீட்பு, வரி 25%.

வட்டி 10, ஆண்டுக்கான தள்ளுபடி 1, ஆக 11. இந்த முழுத் தொகைக்கும் வரிச் சலுகை கொடுத்தால் 8.25. அதைச் சராசரி மதிப்பான 97.50-ஆல் வகுத்தால் 8.46%. வரிச் சலுகையை வட்டிக்கு மட்டும் கொடுத்தால் 7.50-உடன் 1 சேர்ந்து 8.50, அதாவது 8.72%. சராசரிச் சூத்திரத்தையே விட்டுவிட்டு, 8 சதவீதத்திலும் 9 சதவீதத்திலும் தற்போதைய மதிப்பு எடுத்து இடைக்கணிப்பு (இரண்டுக்கும் இடையே விடையை விகிதப்படி கண்டுபிடிப்பது) செய்தவருக்கு 8.78%.

மூன்றுக்கும் காரணம் சொல்ல முடிகிறது. மூன்றாவது கூடுதல் துல்லியமானது, முதல் இரண்டும் தோராயச் சூத்திரங்கள். கேள்வியில் குறிப்பிட்ட முறையைச் சொல்லியிருந்தால் மட்டும் மற்றவை அடிபடும். ஆகவே நண்பரிடம் “எவ்வளவு வந்தது?” என்று கேட்பதைவிட “வரியை எங்கே போட்டாய்?” என்று கேளுங்கள், பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

ஐஆர்ஆர் எனக்கு 15.24%, அவனுக்கு 15.72%. அரை சதவீத வித்தியாசம் பெரிசில்லையா?

பெரிதாகத் தெரியும். ஐஆர்ஆர் என்பது திட்டத்தின் நிகரத் தற்போதைய மதிப்பு (வரவுகளின் இன்றைய மதிப்பிலிருந்து முதலீட்டைக் கழித்தது) பூஜ்யமாகும் வீதம். இருவரும் எந்த இரண்டு வீதங்களை எடுத்தீர்கள் என்று பாருங்கள். ரூ.1,00,000 முதலீடு, 5 ஆண்டுக்கு ஆண்டுதோறும் ரூ.30,000 வரவு என்று வைப்போம். 15%-இல் நிகரத் தற்போதைய மதிப்பு ரூ.566, 16%-இல் மைனஸ் ரூ.1,771. இடைக்கணிப்பில் 15.24% வரும். நண்பர் 10%, 20% என்று அகலமாக எடுத்திருந்தால் ரூ.13,724-உம் மைனஸ் ரூ.10,282-உம் கிடைத்து 15.72% ஆகும். உண்மையில் அது வளைகோடு. நாம் அதை நேர்கோடாக நினைத்துக் கணக்குப் போடுகிறோம். இரு முனைகளும் விலக விலக விடை மேலே நகரும்.

திருத்துபவர் தேடுவது இரு வீதங்கள், அவற்றின் மதிப்புகள், சூத்திரம், கடைசியில் ஏற்பதா நிராகரிப்பதா என்ற முடிவு. மூலதனச் செலவு 12% என்றால் 15.24-உம் 15.72-உம் ஒரே முடிவைத்தான் சொல்கின்றன. ஆனாலும் நெருக்கமான இரு வீதங்களை எடுப்பதே நல்ல பழக்கம். கேள்வியிலேயே இரண்டு வீதங்களின் காரணிகளைக் கொடுத்திருந்தால் அவற்றைத்தான் எடுக்க வேண்டும், அதில் பேச்சுக்கே இடமில்லை.

365 நாளா, 360 நாளா?

கடனாளிகளிடமிருந்து பணம் வர எத்தனை நாள் என்று கணக்கிடும்போது ஆண்டுக்கு எத்தனை நாள் என்பது கேள்வி சொன்னதுதான். சொல்லவில்லை என்றால் எதை எடுத்தீர்களோ அதைக் குறிப்பாக எழுதியிருக்க வேண்டும். கடன் விற்பனை ரூ.73 லட்சம், கடனாளிகள் ரூ.9 லட்சம் என்றால் 365-இல் சரியாக 45 நாள், 360-இல் 44.38 நாள். எண்கள் அழகாக வகுபடுகிற பக்கம்தான் கேள்வி எழுதியவர் நினைத்த பக்கம் என்பது தேர்வறையில் உதவும் சின்ன உளவு வேலை.

நடைமுறை மூலதனக் கணக்கில் எங்கள் நான்கு பேருக்கும் நான்கு விடை. இது எப்படி?

நான்குதானா? அன்றாட வியாபாரத்தில் முடங்கும் பணத்தைக் கணக்கிடும் இந்த அத்தியாயத்தில் அது குறைவு. கடனாளிகள் என்ற ஒரே வரியைப் பாருங்கள். ஆண்டு விற்பனை ரூ.60 லட்சம், அதில் லாபம் 20%, செலவில் தேய்மானம் ரூ.3 லட்சம், கடன் தவணை 2 மாதம். விற்பனை விலையில் கடனாளிகள் ரூ.10 லட்சம். லாபத்தை நீக்கிச் செலவு விலையில் ரூ.8 லட்சம். தேய்மானத்தையும் நீக்கி ரொக்கச் செலவில் ரூ.7.5 லட்சம். இதற்கு மேல் பாதுகாப்புக்கு 10% சேர்க்கச் சொன்னால் அதை நிகரத் தொகையில் சேர்த்தவர், மொத்தத்தில் சேர்த்தவர் என்று இன்னொரு கிளை பிரியும்.

முதலீடு எவ்வளவு முடங்குகிறது என்பதுதான் கேள்வி என்றால் செலவு விலைக்கு வாதம் பலமாக இருக்கிறது. இன்னும் வராத லாபத்துக்கு யாரும் பணம் போட்டு வைப்பதில்லை. கேள்வி “ரொக்கச் செலவு அடிப்படையில்” என்று சொல்லியிருந்தால் தேய்மானத்தை நீக்காதவருக்கு உறுதியாக மதிப்பெண் குறையும். எதையும் சொல்லாமல் விட்டிருந்தால், எடுத்த அடிப்படையை எழுதியவர் பிழைத்தார். தேர்வுத்தாள் குறிப்பிலேயே இரண்டு வாக்கியங்கள் வழக்கமாக வரும். தேவையான இடத்தில் பொருத்தமான அனுமானம் எடுத்து அதைக் குறிப்பாகச் சொல்லலாம் என்பது ஒன்று. வொர்க்கிங் நோட்டுகள் (துணைக் கணக்குகள்) விடையின் பகுதியாக இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. அந்த இரண்டையும் யாரும் படிப்பதில்லை. விடை ஒப்பிடும்போது வரும் தகராறுகளில் பெரும்பாலானவை அந்த இரண்டு வாக்கியங்களிலேயே தீர்ந்துவிடும்.

கார்டன் மாதிரியில் எனக்கு 100, மற்றவர்களுக்கு 106. வால்டரில் எல்லாருக்கும் 91.67.

இரண்டும் ஈவுத்தொகையை வைத்துப் பங்கின் விலையைக் கணிக்கும் சூத்திரங்கள். வால்டரில் எல்லாரும் ஒத்துப்போவது இயல்பு. அங்கே சூத்திரத்தில் இரண்டு பொருள் கொள்ள இடமில்லை. ஒரு பங்குக்கு வருவாய் ரூ.10, ஈவுத்தொகை ரூ.6, முதலீட்டு ஈட்டம் 15%, பங்கு மூலதனச் செலவு 12% என்றால் 6-உடன் 4-இன் 1.25 மடங்கு சேர்ந்து 11. அதை 0.12-ஆல் வகுத்தால் 91.67.

கார்டனில் வளர்ச்சி வீதம் 0.4 (வருவாய் 10-இல் பங்கிடாத 4) × 15%, அதாவது 6%. ரூ.6 என்பது வரப்போகும் ஈவுத்தொகை என்று எடுத்தால் 6-ஐ 0.06-ஆல் (12%-இல் 6% போக மீதி) வகுத்து 100. ரூ.6 இப்போதுதான் கொடுக்கப்பட்டது, அடுத்தது 6.36 என்று எடுத்தால் 106. கேள்வியின் வினைச்சொல்லைத் திரும்பப் படியுங்கள். “அறிவித்தது”, “கொடுத்தது” என்றிருந்தால் 106-க்கு வலு அதிகம். “எதிர்பார்க்கப்படுகிறது” என்றால் 100. வெறுமனே எண் மட்டும் இருந்தால் இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. தேர்வை நடத்தும் இன்ஸ்டிட்யூட் (ஐசிஏஐ) பிறகு வெளியிடும் சஜெஸ்டட் ஆன்சர்களில் (மாதிரி விடைகளில்) இத்தகைய இடங்களில் மாற்று விடையும் சேர்த்துப் போடுவது உண்டு.

அப்படியானால் எல்லா விடையும் சரி என்கிறீர்களா?

இல்லவே இல்லை. மாற்று முறை வேறு, தப்பு வேறு. சில வித்தியாசங்களுக்கு எந்த அனுமானமும் துணைக்கு வராது.

முதலாவது, முன்னுரிமைப் பங்கு இருக்கும்போது நிதி நெம்புகோல் அளவு (வட்டி போன்ற நிலையான நிதிச் செலவுகள் பங்குதாரர் லாபத்தை எத்தனை மடங்கு அசைக்கும் என்பது). வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் ரூ.10 லட்சம், வட்டி ரூ.2 லட்சம், முன்னுரிமை ஈவு ரூ.1.5 லட்சம், வரி 25%. முன்னுரிமை ஈவை மறந்தவருக்கு 10-ஐ 8-ஆல் வகுத்து 1.25 வரும். அந்த ஈவு வரிக்குப் பிறகு கொடுப்பது. அதை வரிக்கு முந்தைய அளவாக்கினால் ரூ.2 லட்சம். அதையும் கழித்து 10-ஐ 6-ஆல் வகுத்தால் 1.67. இங்கே 1.25 தப்புதான்.

முதலீட்டுத் திட்டத்தின் ரொக்க வரவிலிருந்து கடன் வட்டியைக் கழித்தவர்கள் ஒவ்வொரு அட்டெம்ப்டிலும் இருக்கிறார்கள். எதிர்கால வரவை இன்றைய மதிப்பாக்கும் கழிவு வீதத்திலேயே கடனின் செலவு இருக்கிறது, வரவிலும் கழித்தால் ஒரே செலவு இரண்டு முறை ஏறும். ஏற்கெனவே செலவான ஆய்வுக் கட்டணத்தைத் திட்டத்தின் தலையில் கட்டுவதும், தேய்மானத்தைத் திரும்பக் கூட்டாததும், கடைசி ஆண்டில் நடைமுறை மூலதனம் திரும்பி வருவதை விடுவதும் இதே வகை. சராசரி மூலதனச் செலவில் சந்தை மதிப்பு எடைகள் கேட்டிருக்க, பங்கின் சந்தை மதிப்பையும் எடுத்து, காப்பு நிதியை (நிறுவனம் பங்கிடாமல் வைத்த லாபம்) தனி வரியாகவும் போட்டவர் காப்பு நிதியை இரண்டு தடவை எண்ணியிருக்கிறார். சந்தை விலைக்குள்ளேயே அது அடக்கம்.

இவற்றில் ஒன்று உங்களுடையது என்றால் அந்தப் படிக்கான மதிப்பெண் போகும். முழுக் கணக்கும் போகாது.

ஸ்டெப் மார்க் என்பது உண்மையா, ஆறுதலுக்குச் சொல்வதா?

உண்மை. கடைசி எண் தப்பாகி, அதற்கு முந்தைய படிகள் சரியாகத் தெரிந்தால் மதிப்பெண் கிடைக்கும். தேய்மானம் தப்பாகி அதன் விளைவு ஐந்து ஆண்டு வரவிலும் பரவியிருந்தாலும், பிறகு செய்த முறை சரி என்பது தாளில் தெரிய வேண்டும். கால்குலேட்டரில் மட்டும் நடந்த படிக்கு மதிப்பெண் போட ஆளில்லை. ஒப்பிடும்போது இரண்டு பேரின் விடையும் ஒரே எண்ணாக இருந்து, ஒருவர் மூன்று வரியிலும் மற்றவர் ஒரு பக்கத்திலும் எழுதியிருந்தால் மதிப்பெண் ஒன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

எம்சிக்யூவிலும் இதே தாராளம் உண்டா?

கிடையாது. தாளின் 100-இல் 30 மதிப்பெண் எம்சிக்யூ, அதாவது கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்வது. ஓஎம்ஆரில் வட்டம் சரியா தப்பா என்பதோடு சரி. கடைசி எண்ணை ஒப்பிடுவதற்கு முழு அர்த்தம் இருக்கிற ஒரே இடம் இதுதான். இன்டரில் தப்பான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை என்பதால், தெரியாததையும் நிரப்பியிருந்தால் நஷ்டம் இல்லை. முதல் கட்டமான ஃபவுண்டேஷனில் கால் மதிப்பெண் கழிபட்ட பயம் இன்னும் சிலருக்குப் போகவில்லை, அதனால்தான் சொல்கிறேன்.

தேவைக்கு மேல் ஒரு கேள்வி எழுதிவிட்டேன். எது நன்றாக வந்ததோ அதை எடுப்பார்கள்தானே?

எடுக்க மாட்டார்கள். விடைப் புத்தகத்தில் முதலில் எழுதியவற்றிலிருந்து தேவையான எண்ணிக்கை மட்டும் திருத்தப்படும் என்று தாளிலேயே சொல்லியிருக்கிறது. ஆகவே கூடுதலாகக் கடைசியில் எழுதியதை ஒப்பிட்டு மகிழ்வதிலும் வருந்துவதிலும் பயனில்லை.

எஸ்எம் விடைகளையும் ஒப்பிடலாமா?

எந்தக் கருத்தாக்கத்தைக் கேட்டிருந்தார்கள் என்பதை மட்டும். போர்ட்டரின் ஐந்து விசைகளை (ஒரு தொழிலின் போட்டியை அலசும் கருத்தாக்கம்) எழுத வேண்டிய இடத்தில் வேறொன்றை எழுதினீர்களா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அதற்கு மேல் உங்கள் பத்தியும் அவர் பத்தியும் எப்படி இருந்தன என்று வாயால் ஒப்பிட முடியாது.

தேர்வு அன்று இரவே யூடியூபில் இரண்டு ஆசிரியர்கள் தீர்வு போட்டார்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை. யாரை நம்புவது?

இருவரும் கேள்வித்தாளை அவசரமாகப் படித்து, தூக்கம் கெட்டு, முதல் ஆளாகப் போட வேண்டும் என்று போடுகிறார்கள். எண்ணை விட்டுவிட்டு, தீர்வின் முதல் இரண்டு நிமிடத்தைக் கேளுங்கள். எந்த அனுமானத்தில் தொடங்குகிறார் என்று நல்ல ஆசிரியர் வாய்விட்டுச் சொல்வார், “இங்கே இப்படியும் எடுக்கலாம்” என்பார். “இதுதான் ஒரே விடை, வேறெதற்கும் மார்க் இல்லை” என்று அடித்துச் சொல்பவரைச் சற்றுச் சந்தேகத்தோடு பார்க்கலாம். திருத்துபவருக்குப் போகும் வழிகாட்டுதல் அவர் கையிலும் இல்லை. அந்த வழிகாட்டுதல்களை இன்ஸ்டிட்யூட் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வெளியிட வேண்டியதில்லை என்று 2011-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

சஜெஸ்டட் ஆன்சர் வந்தபின் அதுதானே இறுதி?

படிப்பதற்கு அதைவிட நல்ல பொருள் இல்லை. ஆனால் அதிலேயே, இது திருத்துவதற்கான அடிப்படை அல்ல என்ற அறிவிப்பு இருக்கும். உங்கள் விடை அதோடு ஒத்துப்போகவில்லை என்பதால் மட்டும் பூஜ்யம் என்று பொருளில்லை. ஒத்துப்போனதால் முழு மதிப்பெண்ணும் இல்லை.

எனக்கு எத்தனை வரும் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

இரண்டு எண் போடுங்கள், ஒரு கஞ்சக் கணக்கு, ஒரு தாராளக் கணக்கு. கஞ்சக் கணக்கில் உறுதியான எம்சிக்யூ மட்டும், விரிவான விடைகளில் முழுதாக முடித்த படிகள் மட்டும். தாராளத்தில் சந்தேகமானவற்றில் பாதி சேருங்கள். எஃப்எம்-க்கும் எஸ்எம்-க்கும் தனித்தனியே தேர்ச்சி வரம்பு இல்லை. இரண்டும் சேர்ந்து 40 போதும். எஃப்எம் சொதப்பியவர்களை எஸ்எம் காப்பாற்றுவது அடிக்கடி நடக்கிறது.

அப்புறம் குரூப்பைப் பாருங்கள். இன்டரின் ஆறு தாள்களும் மும்மூன்றாக இரண்டு குரூப். காஸ்டிங், ஆடிட்டிங், எஃப்எம்-எஸ்எம் மூன்றும் குரூப் 2. மூன்று தாளிலும் தலா 40, மொத்தம் 300-க்கு 150 வேண்டும். காஸ்டிங்கில் 45, ஆடிட்டிங்கில் 42 என்றால் எஃப்எம்-எஸ்எம்மில் 63 வாங்கினால் 150 சரியாக நிற்கும். இரண்டு குரூப்பும் சேர்த்து எழுதியவர்களுக்கு ஒரு குரூப்பின் உபரி மற்றதற்குத் தோள் கொடுக்கும் வழியும் உண்டு, ஒவ்வொரு தாளிலும் 40 இருந்தால். மாறாகக் காஸ்டிங்கில் 38 என்றால் இங்கே 75 வாங்கினாலும் குரூப் போகும். ஆனால் அந்த 75 வீணாகாது. 60-ஐத் தாண்டியதால் எக்ஸெம்ப்ஷன் கிடைத்து அடுத்த மூன்று அட்டெம்ப்டுக்கு அந்தத் தாளை எழுத வேண்டியதில்லை, குரூப்பின் எல்லாத் தாளையும் எழுதியிருந்தால். இதனால்தான் ‘பாஸ் ஆகிவிட்டது போதும்’ என்று எஃப்எம்மில் கடைசி அரைமணியை விட்டுவிடக் கூடாது என்கிறார்கள்.

அடுத்த தாள் இன்னும் இருக்கும்போது ஒப்பிடலாமா?

வேண்டாம். எஃப்எம்-எஸ்எம் குரூப் 2-இன் கடைசித் தாள், ஆகவே இதற்கு இந்தக் கேள்வி எழாது. காஸ்டிங் முடிந்த அன்று ஒப்பிட உட்கார்ந்து ஆடிட்டிங்கைக் கெடுத்துக்கொண்டவர்கள் எல்லாப் பயிற்சி மையத்திலும் இருக்கிறார்கள். காஸ்டிங்கில் போனது போனதுதான், ஆடிட்டிங் இன்னும் கையில் இருக்கிறது. நண்பர் விடாமல் கேட்டால் “எஸ்எம் முடிந்த அன்று டீ வாங்கித் தருகிறேன், அப்போது பேசுவோம்” என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வியிலேயே பிழை இருந்தது. என்ன செய்யலாம்?

பாடத்திட்டத்துக்கு வெளியே கேட்டது, தகவல் விடுபட்டது போன்ற குறைகளைத் தேர்வர்கள் எழுதித் தெரிவிக்க இன்ஸ்டிட்யூட் வழி வைத்திருக்கிறது. காலக்கெடு குறுகியது, தேர்வு அறிவிப்பில் பாருங்கள். எழுதும்போது கேள்வி எண், எந்தத் தகவல் இல்லை, அதனால் எந்தப் படி தடைபட்டது என்று மூன்று வரியில் சொல்லுங்கள். “தாள் கடினமாக இருந்தது” என்பது குறை அல்ல. விடைகளை ஒப்பிடும் நண்பர் குழு நிஜமாகவே பயன்படுவது இந்த வேலைக்குத்தான். பத்துப் பேரும் ஒரே இடத்தில் தடுமாறியிருந்தால் பெரும்பாலும் கேள்வியில் ஏதோ இருக்கிறது.

முடிவு வந்தபின் மதிப்பெண் குறைவாக இருந்தால் மறுமதிப்பீடு கேட்கலாமா?

மறுமதிப்பீடு என்று ஒன்று சிஏவில் இல்லை. சரிபார்ப்பு உண்டு. ஏதாவது விடை திருத்தப்படாமல் விடுபட்டதா, கூட்டல் சரியா என்று மட்டும் பார்ப்பார்கள். திருத்தப்பட்ட விடைத்தாளின் நகலும் தாளுக்கு ரூ.500 கட்டி வாங்கலாம். இரண்டுக்கும் முடிவு வந்து ஒரு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 38, 39-இல் நிற்பவர்கள் கட்டாயம் நகல் வாங்கிப் பாருங்கள். தேறியவர்களுக்கும் ஒரு யோசனை: ஃபைனலில் இதே பாடம் இன்னும் பெரிய உருவில் வருகிறது, உங்கள் எழுத்தைத் திருத்துபவர் எப்படிப் படித்தார் என்று பார்க்க ரூ.500 அதிகமில்லை.

அதுவரை வீட்டில் “எத்தனை வரும்?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்களே?

2024 மே தேர்வின் முடிவு ஜூலை 11-இல் வந்தது. ஏறக்குறைய இரண்டு மாதம் வீட்டாரும் தாங்க வேண்டும், நீங்களும் தாங்க வேண்டும். கஞ்சக் கணக்கின் எண்ணை அப்பாவிடமும் தாராளக் கணக்கின் எண்ணைப் பாட்டியிடமும் சொல்லுங்கள். முடிவு எதற்கு அருகில் வந்தாலும் வீட்டில் ஒருவர் “நான் அப்பவே சொன்னேனே” என்பார்.